விரல் நுனி போனது... சுருதி போகவில்லை!

"ராக் மியூசிக்னா வெறும் சத்தம்தானே?" என்று விடுதியில் என்னைக் கேட்காத ஆளே இல்லை. என் அறைத் தோழன் ஒரு படி மேலே போய், "ஆயில் போடாம ஷேப்பிங் மெஷின் ஓட்டுற மாதிரி இருக்குடா" என்றான். அவன் கேலியாகச் சொன்னாலும் அதில் பாதி உண்மைதான். நான் உயிராய் நேசிக்கும் 'பிளாக் சபாத்' குழுவின் கதையில் நிஜமாகவே ஒரு மெஷின் இருக்கிறது.

இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காமில், ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் 1968-ல் ஒன்று சேர்ந்தார்கள். ஓஸி ஆஸ்போர்ன் பாட்டு, டோனி ஐயோமி கிடார், கீசர் பட்லர் பேஸ் கிடார், பில் வார்ட் டிரம்ஸ்.

இதில் ஐயோமி நம்ம டிரேடு ஆள்! ஷீட் மெட்டல் தொழிற்சாலையில் வெல்டர். 17 வயதில், முழுநேர இசைக்குப் போவதற்காக வேலையை விடும் கடைசி நாள். பிரஸ் ஓட்டுகிறவர் அன்று வரவில்லை என்று இவரை அந்த மெஷினில் நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயிற்று. இடது கைப் பழக்கம் உள்ளவர் அவர். கிடாரில் கம்பியை அழுத்த வேண்டியதே அந்த வலது கைதான்.

இனி வாசிக்கவே முடியாது என்று உட்கார்ந்திருந்தவரிடம் தொழிற்சாலை ஃபோர்மேன் ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். வாசித்தவர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். 1928-ல் தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்தும் விடாமல் வாசித்த மேதை.

அதன் பிறகு ஐயோமி செய்தது சுத்தமான ஒர்க்‌ஷாப் வேலை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கி, சால்டரிங் அயர்னால் துளை போட்டு, உப்புக் காகிதத்தால் தேய்த்து, பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டினார். விரல் தொப்பி தயார்! ஆனால் அந்தத் தொப்பியோடு கம்பியை அழுத்தினால் வலித்தது. கம்பியின் விறைப்பைக் குறைக்க வேண்டியிருந்தது.

முதலாமாண்டு சோனாமீட்டர் பரிசோதனை ஞாபகம் இருக்கிறதா? கம்பி மெல்லியதாக இருந்தால் அதே சுருதிக்குக் குறைந்த இழுவிசை போதும். அதனால் பாஞ்சோ வாத்தியத்தின் மெல்லிய கம்பிகளைக் கிடாரில் கட்டினார். அடுத்து, அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் சில பாடல்களில் மூன்று கட்டையில் இருக்க வேண்டிய கம்பியை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கினார். தடித்த கம்பியின் 82 ஹெர்ட்ஸ் சுமார் 69 ஆனது. சுருதி 16 சதவீதம்தான் குறைந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், இழுவிசை 29 சதவீதம் குறைகிறது! விரலுக்கும் சுகம், சத்தத்துக்கும் ஒரு கனம். ஹெவி மெட்டல் என்று உலகம் கொண்டாடும் அந்தக் கனத்தில் காயம்பட்ட ஒரு கைக்கும் பங்கு உண்டு.

இதில் எனக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். என் அப்பா பிரஸ் ஷாப் தொழிலாளி. நான் ஏழாவது படிக்கும்போது அவருடைய இடது ஆள்காட்டி விரலில் ஒரு கணு போயிற்று. அதைப் பற்றி வீட்டில் பேசவே மாட்டார். கல்யாண வீட்டுக்குப் போனால் அந்தக் கையை மடித்த துண்டுக்குள் வைத்துக்கொள்வார். முதலாமாண்டு ஷீட் மெட்டல் ஷாப்பில் ஷியரிங் மெஷின் முன் நின்றபோது எனக்குக் கை நடுங்கியது. படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். அந்த நாட்களில்தான் இந்தப் பாட்டுகள் காதில் விழுந்தன. மெதுவாக, இரும்பு இறங்குவது போல ஒவ்வொரு அடியும் நெஞ்சில் இறங்கும். பயமுறுத்துகிற இசைதான். ஆனால் என் பயத்துக்குத் துணையாக இருந்தது. கதை தெரிந்த பிறகு விடவே முடியவில்லை.

2025 ஜூலை 5-ல் ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் கடைசியாகச் சேர்ந்து இசைத்தார்கள். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஓஸி உட்கார்ந்தபடியே பாடினார். ஜூலை 22-ல் காலமானார். அந்த வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவுக்கு ஐயோமி கதையைச் சொல்லி, செல்போனில் ஒரு பாட்டும் போட்டேன். முழுசும் கேட்டார்.

"மெஷின்ல கார்டு இருந்திருக்காது" என்றார்.

"உங்க மெஷின்லப்பா?"

"இருந்துச்சு. புரொடக்‌ஷன் லேட்டாகுதுன்னு கழட்டி வச்சிருந்தாங்க. நானும் சரின்னுட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவர் அதைச் சொன்னது அன்றைக்குத்தான்.

நண்பர்களே, விரல் போன பிறகும் ஒருவர் எழுந்தார் என்பது நமக்குத் தைரியம். ஆனால் எல்லாருக்கும் அப்படி அமையாது. நாளை நம்மில் பலர் சூப்பர்வைசராக நிற்கப் போகிறோம். "கார்டைக் கழட்டு" என்று யாராவது சொன்னால், முடியாது என்று சொல்லுங்கள். என் அப்பாவுக்காகக் கேட்கிறேன்.

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை