சிறிய பாடசாலையின் கணக்கு

கிருலப்பனையில் காலை வேளையில் ஹைலெவல் வீதியோரம் நின்றால், பக்கத்துப் பாடசாலையைக் கடந்து தூரத்துப் பெரிய பாடசாலைக்குப் பஸ் ஏறும் பிள்ளைகளைக் காணலாம். பெற்றோரைக் குறைகூற முடியாது.

இலங்கையிலுள்ள ஏறக்குறைய 10,000 அரச பாடசாலைகளுள் சுமார் 1,500 இல் 50 மாணவர்கூட இல்லை. பெரும்பாலானவை கிராமங்களிலும் தோட்டங்களிலும் உள்ளன.

தரம் 1 முதல் 5 வரை 40 பிள்ளைகளும் மூன்று ஆசிரியர்களும் உள்ள ஒரு பாடசாலையை எண்ணிப் பார்ப்போம். ஓர் ஆசிரியருக்கு 13 பிள்ளைகள். காகிதத்தில் இது வசதியான நிலை. ஆனால் வகுப்புகளோ ஐந்து! இருவர் தலா இரண்டு வகுப்புகளை ஒன்றாக நடத்தவேண்டும். ஒருவர் லீவு எடுத்தால் மற்றொருவரிடம் மூன்று வகுப்புகள். பல்தரக் கற்பித்தலில் பயிற்சி பெற்றவர் இதையும் திறம்படச் செய்வார். பயிற்சியில்லாதவர் ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்த, மற்றது கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும்.

இதைக் காணும் பெற்றோர் பிள்ளையை வேறு பாடசாலையில் சேர்க்கின்றனர். மாணவர் தொகை குறைய, அடுத்த இடமாற்றத்தில் ஓர் ஆசிரியரும் போய்விடுவார். எஞ்சுவது பஸ் கட்டணம் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைகளே. ஆகவே, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மாணவர் தொகையை மட்டும் கேட்காதீர்கள். ஓர் ஆசிரியர் எத்தனை வகுப்புகளைப் பார்க்கிறார் என்றும் கேளுங்கள்.