எழுதுமிடம் வேறு, காட்டுமிடம் வேறு

2010 ஜனவரி 27 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை அறிமுகப்படுத்தினார். ஏப்ரல் 3 அன்று அது அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது. நடுவில் கிடைத்தது இரண்டு மாதமும் சில நாட்களும்தான். ஆனாலும் அமெரிக்காவின் பொது வானொலியான என்பிஆர், விற்பனை தொடங்கிய நாளிலேயே தன் ஐபேட் செயலியோடு தயாராக இருந்தது. செய்தி, ஒலிப்பதிவு, படம் எல்லாம் அந்தப் புதிய திரையில் ஒழுங்காக வந்து உட்கார்ந்தன.

இந்த வேகத்துக்கான உழைப்பு ஐபேடுக்காகச் செலவானதல்ல. 2008 ஜூலையிலேயே என்பிஆர் தன் செய்திக் கிடங்குக்கு ஓர் ஏபிஐ திறந்துவிட்டிருந்தது. ஒரு கணினி இன்னொரு கணினியிடம் குறிப்பிட்ட முறையில் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்கான வாசல்தான் ஏபிஐ. என்பிஆரின் இணையதளம், கைபேசிச் செயலி, உள்ளூர் வானொலி நிலையங்களின் தளங்கள் என எதுவானாலும் அந்த வாசலில் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அப்போது அங்கே தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த டேனியல் ஜேக்கப்சன் 2009இல் இந்த முறையை விளக்கி எழுதினார். இணையப் பக்கம் தயாரிக்கும் கருவியைக் கட்டாமல், உள்ளடக்கத்தைக் காத்து வைக்கும் அமைப்பைக் கட்ட வேண்டும் என்பது அவர் வாதம். ஐபேட் என்ற ஒன்று வரப்போவது தெரியாமலேயே அதற்கும் தயாராகிவிட்டது அந்த அமைப்பு.

இன்று ஓர் இணையதளத்தை வெளியில் இருக்கும் டாஷ்போர்டோடு இணைக்கிறோம் என்று டெவலப்பர்கள் சொன்னால், பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள்.

நமக்குப் பழக்கமான வேர்ட்பிரஸ் 2003இல் வந்தது. அதில் எல்லாம் ஒரே வீட்டில் குடியிருக்கும். ஆசிரியர் உள்ளே நுழைந்து தலைப்பும் கட்டுரையும் இடும் டாஷ்போர்டு, அவற்றைச் சேமிக்கும் தரவுத்தளம், வாசகருக்குப் பக்கத்தை வரைந்து காட்டும் தீம் மூன்றும் ஒரே சர்வரில் இருக்கும். ஹெட்லெஸ் சிஎம்எஸ் எனப்படும் புதிய முறையில், டாஷ்போர்டும் தரவுத்தளமும் ஓரிடம். வாசகர் பார்க்கும் தளம் வேறிடம். 2013இல் பெர்லினில் தொடங்கிய கன்டென்ட்ஃபுல் போன்ற நிறுவனங்கள் டாஷ்போர்டையும் தரவுத்தளத்தையும் மட்டுமே வாடகைக்குத் தருகின்றன. வேர்ட்பிரஸும் 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்து தன் கட்டுரைகளை ஏபிஐ வழியாகத் தருகிறது. ஆக, வேர்ட்பிரஸில் எழுதி, முற்றிலும் வேறு முறையில் கட்டிய தளத்தில் காட்டலாம்.

இரண்டுக்கும் நடுவே பயணிப்பது அலங்காரம் எதுவுமில்லாத எழுத்து. தலைப்பு, எழுதியவர், வெளியான நேரம், முன்னுரை, உடல், படத்தின் முகவரி, படத்துக்கான விளக்கம் என்று பெயரிட்ட கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அதற்குரிய மதிப்பு. ஜேசான் என்ற வடிவத்தில் இது வரும். எந்த எழுத்துரு, என்ன நிறம், எத்தனை பத்தி அகலம் என்ற பேச்சே அதில் இருக்காது. அதைக் காட்டும் தளம் முடிவு செய்துகொள்ளும்.

இந்தக் கட்டங்களை வகுப்பதில்தான் முழுத் திட்டமும் நிற்கிறது அல்லது விழுகிறது. கம்பி இழுப்பது ஒரு பிற்பகல் வேலை. எது எந்தக் கட்டத்தில் போகும் என்று ஆசிரியரும் டெவலப்பரும் உட்கார்ந்து பேசி முடிப்பதற்குத்தான் வாரக்கணக்கில் ஆகும், ஆகவும் வேண்டும். நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பல டாஷ்போர்டுகள் நேரத்தை யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் சேமிக்கின்றன. சென்னையில் புதன்கிழமை அதிகாலை 2 மணிக்கு ஒரு செய்தியை வெளியிட்டால், கிடங்கில் அது செவ்வாய் இரவு 8.30. காட்டும் தளம் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால், வாசகருக்கு அது நேற்றைய செய்தி.

எழுத்தையும் தோற்றத்தையும் ஒன்றாகக் கட்டிவைத்தால் என்ன ஆகும் என்பது தமிழருக்கு அனுபவப் பாடம். யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில்தான் இயங்கின. செய்தி படிக்க முதலில் அந்தத் தளத்தின் எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும். இல்லையென்றால் திரையில் கிறுக்கல்தான். கிடங்கில் இருந்தது உண்மையில் தமிழ் அல்ல. ஒரு குறிப்பிட்ட எழுத்துருவில் மட்டும் தமிழாகத் தெரியும் குறிகள். தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில். அதற்கு முன் சேர்ந்துவிட்ட பழைய கட்டுரைகளை ஒவ்வொரு எழுத்துருவுக்கும் தனித்தனி மாற்றியைப் போட்டுத்தான் மீட்க வேண்டியிருந்தது.

யூனிகோடு வந்த பிறகும் தமிழுக்கென்று சில சிக்கல்கள் மிச்சமிருக்கின்றன. வெளி டாஷ்போர்டோடு இணைக்கும்போது அவைதான் முதலில் தலைகாட்டும். ‘மதுரையில் கனமழை: பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று வேர்ட்பிரஸில் தலைப்பிட்டால், இணைய முகவரிக்கான பகுதியை அது தலைப்பிலிருந்தே உருவாக்கும். முகவரியில் தமிழ் எழுத்து நேரடியாகப் பயணிக்க முடியாது. ஒவ்வொரு குறியும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்த்து 3 எழுத்தாக எழுதப்படும். ஆக, ஒரு தமிழ்க் குறிக்கு 9 இடம். ‘ரை’ என்பது நம் கண்ணுக்கு ஓரெழுத்து. கணினிக்கு ர ஒரு குறி, ஐகாரக் கொம்பு இன்னொரு குறி. அதற்கே 18 இடம் போய்விடும். வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு ஒதுக்கியிருப்பதோ மொத்தம் 200 இடம். ஆங்கிலத் தலைப்புக்கு அது தாராளம். தமிழுக்கு 22 குறிகளோடு கதை முடிந்துவிடும். மேலே சொன்ன தலைப்பு ‘மதுரையில்-கனமழை-பள்ளிகள’ என்று வெட்டுப்பட்டு நிற்கும். மறுநாள் ‘மதுரையில் கனமழை: பள்ளிகளுக்கு இன்றும் விடுமுறை’ என்று எழுதினால் அதுவும் அதே இடத்தில் வெட்டுப்படும். இரண்டும் மோதாமலிருக்க, வேர்ட்பிரஸ் தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் வெட்டிக் கடைசியில் ஒரு 2 சேர்க்கும்.

இதோடு போகவில்லை. அந்த விழுக்காட்டுக் குறிகளை வேர்ட்பிரஸ் சின்ன ஆங்கில எழுத்துகளில் சேமிக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் பெரிய எழுத்துகளில் உருவாக்குகிறது. பொருள் ஒன்றுதான். ஆனால் காட்டும் தளம் இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் பொருந்தாது. கட்டுரை கிடங்கில் பத்திரமாக இருக்கும். வாசகருக்கோ ‘பக்கம் இல்லை’ என்று வரும். ஆங்கிலத் தளத்தில் சோதித்துப் பார்த்து ஒப்படைக்கும் டெவலப்பரின் கண்ணில் இது படவே படாது. தமிழ்த் தளம் கட்டுகிறவர்கள் கட்டுரையைத் தலைப்பால் தேடாமல் அதன் எண்ணால் தேடும்படி அமைப்பது நல்லது. முகவரிக்கு ஒரு சிறு பெயரை ஆசிரியரே கையால் கொடுப்பது அதைவிட நல்லது.

இனி ஆசிரியர் ‘வெளியிடு’ பொத்தானை அழுத்துகிறார். வெளியில் இருக்கும் தளத்துக்கு அது எப்படித் தெரியும்? ஒவ்வொரு வாசகர் வரும்போதும் கிடங்கைக் கேட்கலாம். கேட்டுக்கொண்டே இருந்தால் வேகம் குறையும். கிடங்கு படுத்தால் தளமும் படுக்கும். அதனால் பலர் இன்னொரு வழியை எடுக்கிறார்கள்: எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே தயாரித்து, உலகின் பல ஊர்களில் உள்ள சிடிஎன் சர்வர்களில் நகலாக வைத்துவிடுவது. மாற்றம் வந்தால் டாஷ்போர்டே தளத்தைக் கட்டும் சர்வருக்கு ஒரு சிறு தகவல் அனுப்பும். வெப்ஹூக் என்று அதற்குப் பெயர். வீட்டு மணியை அடிப்பது போலத்தான். மணியடித்ததும் கட்டும் சர்வர் விழித்து, கிடங்கிலிருந்து புதியதை எடுத்து, பக்கங்களைத் தயாரித்து, பழைய நகல்களை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கும்.

இதற்குச் சில நொடிகளும் ஆகலாம், பெரிய தளமானால் பல நிமிடங்களும் ஆகலாம். செய்தி அறையில் பொறுமை உடைவது இங்கேதான். ஒருவர் பெயர் தவறாகப் போய்விட்டது, ஆசிரியர் உடனே திருத்தினார், டாஷ்போர்டில் சரியாக இருக்கிறது, வாசகருக்கு இன்னும் தவறாகவே தெரிகிறது. அவர் மறுபடி அழுத்துவார், மறுபடி அழுத்துவார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் கட்டுமானம் புதிதாக வரிசையில் சேரும். எத்தனை நிமிடத்தில் திருத்தம் வாசகரைச் சேரும் என்று எழுதுகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. அதை டாஷ்போர்டிலேயே காட்டினால் இன்னும் நன்று.

அடுத்தது சாவி. கிடங்கின் வாசலுக்கு டோக்கன் எனப்படும் நீண்ட எழுத்துச் சரங்கள்தான் சாவி. படிக்க ஒன்று, எழுதவும் அழிக்கவும் இன்னொன்று. கன்டென்ட்ஃபுல் வெளியானதைப் படிக்க, வரைவைப் பார்க்க, மாற்ற என்று மூன்று வாசல்களையே தனித்தனியாக வைத்திருக்கிறது. பிரவுசருக்குள் போகும் எதையும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்பதால், எழுதும் சாவி அங்கே ஒருபோதும் போகக் கூடாது.

சாவி சரியாக இருந்தும் வாசல் திறந்துகொண்ட கதை ஒன்று உண்டு. 2017 ஜனவரியில் சுகுரி என்ற பாதுகாப்பு நிறுவனம் வேர்ட்பிரஸின் புத்தம்புது ஏபிஐயில் ஓர் ஓட்டையைக் கண்டது. ஒரு கட்டுரையை மாற்றக் கோரிக்கை வந்தால் இரண்டு படிகள் நடக்கும். முதல் படி, இந்த எண்ணில் கட்டுரை இருக்கிறதா, இருந்தால் கேட்பவருக்கு மாற்றும் உரிமை உண்டா என்று பார்க்கும். இரண்டாம் படி மாற்றும். ஒருவர் 1 என்று அனுப்பாமல், 1க்குப் பின்னால் சில எழுத்துகளை ஒட்டி அனுப்பினால் முதல் படி அப்படியொரு கட்டுரையைக் காணாது. கட்டுரையே இல்லாதபோது உரிமையைச் சோதிக்க எதுவுமில்லை என்று வழிவிட்டுவிடும். இரண்டாம் படியோ ஒட்டியிருந்த எழுத்துகளைக் களைந்து எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும். அது 1. முதல் கட்டுரை மாறிவிடும். சாவியே தேவைப்படாது.

ஜனவரி 26 அன்று 4.7.2 பதிப்பில் ஓட்டை அடைக்கப்பட்டது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் தளங்களுக்கு அவகாசம் தர, விவரத்தை ஏறத்தாழ ஒரு வாரம் வெளியில் சொல்லாமல் வைத்திருந்து பிப்ரவரி 1 அன்று அறிவித்தார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அப்படியும் புதுப்பிக்காமல் கிடந்த தளங்களில், அடுத்த சில நாட்களில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் சிதைக்கப்பட்டன. இரண்டு படிகளும் ஒரே எண்ணை ஒரே விதமாகப் படித்திருந்தால் இது நடந்திருக்காது.

இவ்வளவும் எல்லோருக்கும் தேவையா? தேவையில்லை. ஊர் நூலகத்துக்கோ சிறு பதிப்பகத்துக்கோ ஒரே ஒரு தளம் போதுமென்றால், சாதாரண வேர்ட்பிரஸ் தாராளமாகப் போதும். பிரித்து வைத்தால் பார்த்துக்கொள்ள இரண்டு இடம், கட்ட இரண்டு கட்டணம். எழுதியது எப்படித் தெரியும் என்று உடனே பார்க்கும் வசதிக்கும் தனியாக உழைக்க வேண்டும். தளம், செயலி, ஒலி உதவியாளர், பொது இடத்துத் திரை என்று ஒரே எழுத்து பல இடங்களுக்குப் போக வேண்டியவர்களுக்கே இந்த உழைப்பு பலன் தரும். கூட்டம் அலைமோதும் தளங்களுக்கும் தரும். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று தடுமாறி, முதல் நாளில் 6 பேர் மட்டுமே பதிவு செய்ய முடிந்தபோது, சிக்கல் இருந்தது கணக்குத் தொடங்கிப் பதிவு செய்யும் பகுதியில். காப்பீட்டை விளக்கும் பக்கங்கள் ஜெக்கில் என்ற கருவியால் முன்கூட்டியே தயாரித்து வைக்கப்பட்ட தனிப் பகுதி. அவற்றை எழுதித் திருத்த, வெளியிலிருந்து இணைந்த புரோஸ் என்ற எளிய எழுதுபலகை இருந்தது.

புரோஸ் வகைப் பலகைகளுக்குச் சொந்தக் கிடங்கு கிடையாது. எழுதியது உரைக் கோப்பாக, தளத்தின் உரிமையாளர் கிட்ஹப் என்ற கோப்புக் களஞ்சியச் சேவையில் வைத்திருக்கும் களஞ்சியத்திலேயே சேரும். நெட்லிஃபை சிஎம்எஸும் இப்படிப்பட்டதுதான். 2023இல் நெட்லிஃபை நிறுவனம் அதைக் கைமாற்றிவிட்டது. டீகாப் சிஎம்எஸ் என்று பெயரும் மாறியது. அதில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கட்டுரையைக்கூட இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. எல்லாம் ஏற்கெனவே அவர்கள் களஞ்சியத்தில்தான் இருந்தது.