தீயணைப்புப் படைக்கு ஏற்ற சுவாசக் கருவி

தீ விபத்துகளில் மாள்வோருட் பெரும்பாலோரின் உயிரைக் கவர்வது புகையே. 1997-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் டில்லி உபஹார் திரையரங்கில் 59 பேர் மாண்டனர். கீழ்த்தளத்து மின்மாற்றியில் மூண்ட தீயின் புகை மேல்மாடத்திற்கு ஏறி, அங்கிருந்தோரை மூச்சுத் திணற வைத்துக் கொன்றது. புகையிலுள்ள கார்பன் மானாக்ஸைடு நிறமும் மணமும் அற்றது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இணைவது. கம்பளி, நைலான், மெத்தைகளிலுள்ள பாலியூரிதேன் நுரை ஆகியவை எரியும்போது ஹைட்ரஜன் சயனைடும் உடன் தோன்றுகிறது. நனைத்த துணியோ வடிகட்டி வைத்த முகமூடியோ இவ்விடத்தில் பயன்படாது. சாதாரணக் கரித்தூள் கார்பன் மானாக்ஸைடைத் தடுப்பதில்லை; எவ்வடிகட்டியும் இல்லாத பிராணவாயுவை உண்டாக்குவதுமில்லை. ஆதலின் உள்ளே நுழைபவர் தமக்கு வேண்டிய காற்றைத் தாமே சுமந்து செல்ல வேண்டியவராகிறார்.

இக்கருவிகளின் வரலாறு சுரங்கத்தில் தொடங்குகிறது. 1878-இல் ஹென்றி ஃபிளூஸ் என்னும் ஆங்கிலேயர், வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமிலவாயுவைக் காரப்பொருளால் நீக்கி மீண்டும் சுவாசிக்கும் கருவியொன்றைச் செய்தார். 1906-இல் பிரான்ஸ் நாட்டுக் கூரியேர் நிலக்கரிச் சுரங்கத்தில் 1099 பேர் மாண்ட பெருவிபத்தின்போது, ஜெர்மானிய மீட்புக் குழுவினர் இத்தகைய கருவிகளை அணிந்து வந்து உதவினர். லூபெக் நகரத்து டிரேகர் நிறுவனத்தின் பெயர் அக்காலத்திலேயே பரவியது. அமெரிக்காவில் சுரங்க மீட்பாளருக்கே ‘டிரேகர்காரர்’ என்று பெயர் வழங்கலாயிற்று. பிட்ஸ்பர்க் நகரின் எம்.எஸ்.ஏ. நிறுவனம் 1914-இல் சுரங்கப் பாதுகாப்புக்கெனவே தோன்றியது. ஸ்காட் நிறுவனமோ விமானிகளுக்குப் பிராணவாயுச் சாதனங்கள் செய்து வந்தது. அந்த அனுபவத்தைக் கொண்டு 1945-இல் தீயணைப்போருக்கான ‘ஏர்-பாக்’ கருவியை வெளியிட்டது. 2017-இல் அது 3எம் நிறுவனத்தின் வசமாயிற்று.

இன்று ஒரு படை தனக்குரிய கருவியைத் தேர்ந்தெடுக்க முற்படும்போது, இம்மூன்று பெயர்களும் வேறு சிலவும் அதன் முன் நிற்கும். எது சிறந்தது என்ற வினாவே முதலில் எழுகிறது. ஆயினும் ஒரே தரநிர்ணயத்தின்படி சோதித்துச் சான்று பெற்ற கருவிகளுக்கிடையே உள்ள வேற்றுமை, விற்பனையாளர் கூறுமளவுக்குப் பெரிதன்று. கேட்கத்தக்க வினாக்கள் வேறு.

முதலாவது, எவ்வகைக் கருவி என்பது. உள்ளிழுக்கும் காற்றில் பிராணவாயு 21 சதவிகிதம். வெளிவிடும் மூச்சிலோ ஏறக்குறைய 16 முதல் 17 சதவிகிதம். அதாவது, சுமந்து சென்ற பிராணவாயுவில் பெரும்பகுதி வீணே வெளியேறுகிறது. மூடிய சுற்றுக் கருவி இதனைச் சேமித்து மீண்டும் அளிப்பதால், நான்கு மணி நேரம் வரை தாங்குகிறது. சுரங்கங்களுக்கும் நீண்ட சுரங்கப்பாதைகளுக்கும் அதுவே உகந்தது. ஆனால் காரப்பொருள் வெப்பத்தை வெளிவிடுவதால் மூச்சு சூடாகும், பராமரிப்பும் நுணுக்கமானது. கட்டிடத் தீக்கு, மூச்சை வெளியே விட்டுவிடும் திறந்த சுற்று அழுத்தக் காற்றுக் கருவியே போதும்.

அவ்வாறாயின் அது எத்தனை நேரம் தாங்கும்? விளம்பரத் தாளில் அச்சிட்ட நிமிடங்களை நம்பாது, ஒவ்வொரு நிலையத்திலும் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். 6.8 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்தால், பெருக்கற்கணக்கின்படி 2040 லிட்டர். எனினும் இவ்வளவு உயர்ந்த அழுத்தத்தில் காற்று பாயில் விதிக்கு முற்றிலும் அடங்குவதில்லை. ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைத்து 1850 லிட்டர் எனக் கொள்ளலாம். அழுத்தம் 55 பாருக்கு இறங்கும்போது எச்சரிக்கைச் சீழ்க்கை ஒலிக்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தரவிதி. அப்போது எஞ்சும் 374 லிட்டர் திரும்பி வருவதற்குரியது, வேலைக்குரியதன்று. மீதி 1476 லிட்டர். நிமிடத்திற்கு 40 லிட்டர் என்ற வழக்கமான அளவில் இது 37 நிமிடம். படியேறி, நீர்க்குழாயை இழுத்து, ஆளைத் தூக்குபவர் 60 லிட்டர் சுவாசிப்பாராயின் 25 நிமிடத்திற்கும் குறைவே. பள்ளி ஆசிரியர்கள் பாயில் விதியைக் கற்பிக்கும்போது இதைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பதரிது.

இரண்டாவது, முகக்கவசம். தற்காலக் கருவிகளில் கவசத்தினுள் காற்றழுத்தம் வெளியழுத்தத்தைவிடச் சற்றே மிகுந்திருக்கும்படி வால்வு அமைக்கப்பட்டுள்ளது. விளிம்பில் சிறு இடைவெளி ஏற்பட்டாலும் காற்று வெளியே கசியுமேயன்றிப் புகை உள்ளே புகாது. கசிவு மிகுந்தால் சிலிண்டர் விரைவில் தீர்ந்துவிடும் என்பது இதன் மறுபக்கம். எனவே தாடியும் நாள்பட்ட மீசையும் இங்கு அலங்கார விஷயமல்ல. கவச விளிம்பு தோலில் நேரே படிய வேண்டும். எல்லா முகங்களும் ஒரே அளவின அல்ல. வேற்று நாட்டு முகங்களை மனத்திற்கொண்டு செய்த ஒரே அளவுக் கவசம், ஒடுங்கிய முகமுடைய இளைஞருக்கோ, இன்று படைகளிற் சேர்ந்துவரும் பெண்களுக்கோ பொருந்தாமற் போகலாம். இரண்டு மூன்று அளவுகளில் கவசம் அளிக்காத நிறுவனத்தை, மற்றச் சிறப்புகள் எவ்வளவிருப்பினும், தயங்காமல் விலக்கிவிடலாம். மூக்குக்கண்ணாடி அணிபவருக்குக் கவசத்தினுள் பொருத்தும் சட்டமும் வேண்டும். அமெரிக்கத் தரவிதி 2013-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, கவசத்தின் கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோவாட் கதிர்வெப்பத்தை ஐந்து நிமிடம் தாங்க வேண்டும் எனக் கேட்கிறது. கருவியின் பிற பாகங்கள் நன்றாயிருக்கையில் கண்ணாடி மட்டும் உருகிய அனுபவமே இதற்குக் காரணம்.

யாவற்றினும் கவலைக்குரியது, ஒரு படைக்குள்ளேயே பல நிறுவனங்களின் கருவிகள் கலந்து கிடப்பதாகும். ஒரு நிறுவனத்தின் வால்வு மற்றொன்றின் முகக்கவசத்தில் பொருந்தாது. சிலிண்டர்களின் புரிகள்கூட நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் பற்றியெரிந்தபோது, வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் முதலிய நகரங்களிலிருந்து எஞ்சின்கள் விரைந்து வந்தன. அவற்றின் நீர்க்குழாய் இணைப்புகள் உள்ளூர்க் குழாய்களிற் பொருந்தவில்லை. 1500-க்கு மேற்பட்ட கட்டிடங்கள் அழிந்தன. அதே பொருந்தாமை இன்று சிலிண்டரில் நேர்ந்தால் அழிவது கட்டிடமன்று. புகைக்குள் சிக்கிய வீரரிடம் காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது, பக்கத்து நிலையத்தார் நிறைந்த சிலிண்டருடன் அவரை அடைந்துவிட்டனர், இணைக்க வழியில்லை. இந்நிலையைத் தவிர்க்கவே அமெரிக்கத் தரவிதி, எந்நிறுவனத்தின் கருவியாயினும் அவசரத்தில் வெளியிலிருந்து காற்று நிரப்பத்தக்க பொது இணைப்பொன்று இருத்தல் வேண்டும் என 2002-ஆம் ஆண்டுப் பதிப்பில் விதித்தது. அத்தகைய இணைப்பில்லாத கருவிகளை வாங்கும் படை, தன் எல்லையிலுள்ள நிலையங்களுக்கெல்லாம் ஒரே வகையை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இங்கு அலுவலகச் சிக்கலொன்று குறுக்கிடுகிறது. அரசாங்கக் கொள்முதலில் விவரக்குறிப்புக்கு உட்பட்டவற்றுள் விலை குறைந்ததே வெற்றி பெறும். ஆண்டுதோறும் பத்துப் பத்தாக வாங்கினால், ஆண்டுதோறும் வேறுவேறு நிறுவனம் வருவதற்கு இடமுண்டு. கிடங்கில் நான்கு வகைக் கவசங்கள் தொங்குவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. ஆயினும் விதிகள் இதற்கு இடமளிக்காமலில்லை. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 166-ஆம் விதி, ஏற்கெனவே உள்ள சாதனங்களோடு பொருந்த வேண்டிய பொருள்களை, தகுதியுள்ள தொழில்நுட்ப நிபுணரின் ஆலோசனையின் பேரிலும் உரிய அதிகாரியின் ஒப்புதலோடும், குறிப்பிட்ட ஒரே நிறுவனத்திடமிருந்து வாங்க வழிசெய்கிறது. இவ்வழி ஊழலுக்கும் திறந்திருப்பதால், முதற்கொள்முதலிலேயே முழுத் தேவைக்கும் போட்டி விலை பெற்று, உதிரிப் பாகங்களின் விலையையும் சில ஆண்டுகளுக்குச் சேர்த்து உறுதிசெய்துகொள்வது உசிதம். இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10245-க்கு இணங்கிய சான்றையும், சிலிண்டருக்கு நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்தின் அங்கீகாரத்தையும் முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும்.

எடை குறித்துச் சுருக்கமாகச் சொல்லலாம். இரும்புச் சிலிண்டர் மலிவு, நெடுநாள் உழைக்கும். கார்பன் இழை சுற்றியது எடையில் ஏறக்குறைய அதன் பாதி, விலை அதிகம், அதன் பல வகைகளுக்கு 15 ஆண்டு ஆயுள்வரம்பும் உண்டு. அடுக்குமாடிகள் நிறைந்த நகரத்திற்கு இழைச் சிலிண்டர் இன்றியமையாதது. நிரப்பும் கம்ப்ரஸரைப் பற்றியோ பலர் எண்ணுவதேயில்லை. அதன் காற்றுவாய் வண்டிகள் புகைவிடும் கொட்டகைக்கருகில் இருந்தால், தவிர்க்க விரும்பிய கார்பன் மானாக்ஸைடையே சிலிண்டரில் அடைத்துக்கொள்ள நேரிடும்.

1958 ஜனவரி 23-இல் இலண்டன் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தையின் நிலவறைத் தீயில், கருவியணிந்த வீரர் இருவர் பிராணவாயு தீர்ந்து மாண்டனர். அவர்களது கருவி அக்காலத்தில் நன்மதிப்புப் பெற்றதே. உள்ளே யார் சென்றார், எப்போது சென்றார், எப்போது திரும்ப வேண்டும் என்பதை வாயிலில் நின்று கணக்கிடும் முறை வலுவாக இல்லை. இதன் பின்னரே பெயர்ச்சீட்டுகளும் நுழைவுக் கட்டுப்பாட்டுப் பலகையும் பிரிட்டனில் ஒழுங்காக நிலைபெற்றன. கருவியுடன் இப்பலகையும், அசைவற்று வீழ்ந்த வீரருக்காகத் தானே ஒலியெழுப்பும் அபாய மணியும் விவரக்குறிப்பில் இடம்பெறுவது அவசியம்.

முடிவெடுக்குமுன் ஒவ்வொரு வகையிலும் இரண்டிரண்டு கருவிகளை வரவழைத்து, ஒரு மாதம் வேலையாட்களிடமே விட்டுவைக்கலாம். இருட்டறையில், கையுறையுடன், வால்வைத் திறக்கவும் அழுத்தமானியைப் படிக்கவும் சொல்லிப் பார்த்தால், மேஜைமீது தெரியாத குறைகள் வெளிப்படும். உயரமான வீரரும் குள்ளமானவரும், புதியவரும் ஓய்வுபெறும் வயதினரும் அச்சோதனையில் இருத்தல் வேண்டும். புதிய வகை வந்து சேர்ந்ததும் பழையவற்றை எல்லா நிலையங்களிலும் சிதறவிடாமல் ஒரே நிலையத்தில் திரட்டி வைத்து, அவை தீரும் வரை அங்கேயே பயன்படுத்தலாம். அந்நிலையத்தாரை வேறிடத்துக்கு உதவிக்கு அழைக்கும்போது இவ்வேற்றுமையைக் கட்டுப்பாட்டுப் பலகையில் முதலிற் குறித்துக்கொள்ள வேண்டும்.