மனைக்கேற்ற மரம்

இராமாநுசர் 1017ஆம் ஆண்டில் தோன்றிய திருப்பெரும்புதூரும் அதனை அடுத்த ஒரகடமும் நெடுங்காலம் ஏரிகளும் வயல்களும் புதர்க்காடுகளும் சூழ்ந்த ஊர்களாக விளங்கின. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010ஆம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனோ நிசான் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. தொழில் பெருகவே மக்கள் பெருகினர், வீட்டுமனைகளும் பெருகின. பல்லாயிரவர்க்கு அதனால் வாழ்வு கிடைத்தது. ஆனால் மனைகள் பரவிய இடங்களில் புதர்க்காடு சுருங்கிற்று. அங்கே தாமே முளைத்து வளர்ந்த மரங்கள் இனி எங்கே நிற்கும்? வீட்டுத் தோட்டம் வைப்போர் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா இதுவாகும்.

ஓராண்டு உடுத்தும் ஆடையைப் பலமுறை பார்த்து வாங்குகின்ற நாம், நாற்பது ஆண்டு நிற்கவேண்டிய மரத்தை நொடிப்பொழுதில் தேர்ந்துவிடுகிறோம். நாற்றுப்பண்ணையில் முதலில் கண்ணிற்படும் கன்றே வீட்டு வாயிலை அடைகிறது. அது தகுமா? மண்ணும் மழையும் வெயிலும் அறிந்தன்றோ மரத்தைத் தேர்தல் வேண்டும்!

மேலைநாட்டார் தம் வீட்டுத் தோட்டங்களில் ‘டாக்வுட்’ என்னும் சிறுமரத்தைப் பெரிதும் விரும்பி வளர்க்கின்றனர். 1912ஆம் ஆண்டில் தோக்கியோ நகரத்தார் வாசிங்டன் நகருக்குச் செர்ரி மரங்களை அன்பளிப்பாக அனுப்பினர். அதற்குக் கைம்மாறாக 1915ஆம் ஆண்டில் அமெரிக்கர் அனுப்பியது டாக்வுட் மரமே. இளவேனிலில் அதன் கிளையெங்கும் வெண்ணிற இதழ்கள் விரிந்தாற்போலத் தோன்றும். அவை உண்மையில் இதழ்களல்ல. சிறுபூக்களைச் சூழ்ந்த பூவடிச் செதில்களேயாம். கடுங்குளிர் காலத்தைக் கடந்தே அம்மரம் செழித்துப் பூக்கும். நம் சமவெளியின் கோடையை அது தாங்காது.

ஆயினும் அதன் உறவினம் ஒன்று நம் நிலத்திலேயே உள்ளது. அதுவே அழிஞ்சில். முன்பு தனிக் குடும்பமாக வைத்தெண்ணப்பட்ட அழிஞ்சிலை, மரபணு ஆராய்ச்சியின் பயனாக, இன்று டாக்வுட் குடும்பத்திலேயே சேர்த்துள்ளனர். அழிஞ்சிவாக்கம், அழிஞ்சிக்குப்பம் முதலிய ஊர்ப்பெயர்களில் இம்மரத்தின் பெயர் இன்றும் ஒலிக்கிறது.

அழிஞ்சில் வறட்சியைத் தாங்கும் சிறுமரம். கோடையின் தொடக்கத்தில் இலை உதிர்ந்த கிளைகளில் நறுமணமுள்ள வெண்பூக்கள் கொத்துக்கொத்தாக மலரும். அவற்றின் ஒடுங்கிய இதழ்கள் பின்புறம் வளைந்திருக்கும். பின்னர்த் தோன்றும் கருஞ்சிவப்புப் பழங்களைப் பறவைகள் விரும்பி உண்ணும். கீழே விழுந்த விதை மீண்டும் தாய்மரத்தையே சென்று ஒட்டிக்கொள்ளும் என்பது பழைய நம்பிக்கை. சிவானந்த லகரி என்னும் வடநூல், இறைவனைச் சேரும் உள்ளத்திற்கு இதனை உவமையாக்கியுள்ளது. விதையைச் சூழ்ந்த சதை பிசுபிசுப்புடையது. அதனால் விதை பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்நம்பிக்கைக்கு இவ்வியல்பே காரணமாகலாம்.

இம்மரத்தை வளர்க்க விரும்புவோர் நன்கு பழுத்த பழங்களைச் சேர்த்து, சதையைக் கழுவி நீக்கி, விதைகளைக் காலந்தாழ்த்தாமல் விதைத்தல் வேண்டும். முளைப்பதற்குப் பல வாரங்கள் ஆகலாம், பொறுமை இன்றியமையாதது. வெயில் படும் இடத்தில், சுவரிலிருந்து 10 அடி தள்ளி, 2 அடி ஆழக் குழி எடுத்து, மக்கிய எருவை மண்ணோடு கலந்து நிரப்புக. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசித் திங்களில் கன்றை நடுக. அடியில் நீர் தேங்கலாகாது. முதல் இரண்டு கோடைகளிலும் நீர் ஊற்றிக் காத்தால், பின்னர் அது பெரும்பாலும் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். கிளைகளின் நுனி சில வேளைகளில் முள்ளாகும். ஆதலின் வழியோரக் கிளைகளைக் கழித்துவிடுதல் நன்று. வேர்ப்பட்டை சித்த மருத்துவத்திற்குப் பயன்படுவது. ஆனால் வாந்தியை உண்டாக்குமாதலின், மருத்துவர் சொல்லாமல் ஒருவரும் உட்கொள்ளலாகாது.

அழிஞ்சில் மெல்ல வளரும் மரம். இன்று கன்று நடும் சிறுவன், தான் வேலைக்குச் செல்லும் நாளில் அதன் நிழலில் நிற்பான். தொழிற்சாலை நாட்டிற்கு வேண்டும், மரமும் வேண்டும். காடிருந்த இடத்தில் வீடு எழுந்துவிட்டது. அவ்வீட்டின் வாயிலில் அக்காட்டின் மரம் ஒன்றேனும் நிற்குமாயின், பறவை தன் பழைய இடத்தை மறவாது. நாமும் நம் மண்ணை மறவோம்.