உடைந்த வளையலில் ஒரு மிருகக் கூட்டம்

உடைந்த வளையல் வீட்டில் கிடந்தால் ஆகாது என்று உடனே கூட்டித் தள்ளிவிடுவோம். விரிசல் விட்ட கப்பும் சாஸரும் அதே குப்பைக்குத்தான். துருப்பிடித்த சைக்கிளையாவது பேரீச்சம்பழத்துக்குப் போடலாம்! இவற்றை வைத்தே நூற்றுக்கணக்கில் சிலைகள் செய்தவர் சண்டிகரில் வாழ்ந்த நேக் சந்த்.

1924-இல், இப்போது பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பிரிவினையில் ஊரை இழந்து வந்து, பொதுப்பணித் துறையில் சாலை இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தார். புது நகரம் கட்டுவதற்காகப் பழைய கிராமங்களை இடித்துக்கொண்டிருந்த காலம். ஜனங்கள் விட்டுப்போன சாமான்களைச் சைக்கிளில் ஏற்றி, ஊருக்கு வெளியே காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். அது அரசாங்க நிலம், ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாத இடம். அதனால் 1957-இல் தொடங்கிய வேலை ராத்திரியில், யாருக்கும் தெரியாமல்தான். வெளிச்சத்துக்குப் பழைய டயரைக் கொளுத்திக்குவாராம்.

மிருகம் செய்த விதத்தைக் கேளுங்கள். சைக்கிளின் ஃபோர்க் இருக்கிறதே, அது இரண்டு கால். ஸீட் முகம். ஃபிரேம்தான் மாட்டின் உடம்பு. இந்த எலும்புக்கூட்டின் மேல் சிமெண்டுக் கலவையைப் பூசி உருவம் பிடிப்பார். மேல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வளையல் துண்டுகளையும் பீங்கான் சில்லுகளையும் நெருக்கமாகப் பதிப்பார். காய்ந்தபின் அதுவே தோல், அதுவே வர்ணம். நம் ஐயனார் கோயில் மண் குதிரைக்குத் திரும்பத் திரும்ப வர்ணம் அடிக்கிறோம். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் அந்தச் செலவே இல்லை.

1975-இல் அதிகாரிகள் கண்ணில் பட்டுவிட்டது. பதினெட்டு வருஷ உழைப்பு இடிபடும் என்கிற நிலை. ஜனங்கள் பார்த்து அதிசயப்பட, 1976-இல் ராக் கார்டன் என்று திறந்துவிட்டார்கள். அவருக்குச் சம்பளமும் கொடுத்து, ஐம்பது ஆட்களையும் உதவிக்குத் தந்தார்கள். 1984-இல் பத்மஸ்ரீ. பட்டம் கிடைத்தும் ஆபத்து விடவில்லை. 1990-இல் ரோடு போட வந்த புல்டோசரை ஊர்ஜனங்கள் குறுக்கே நின்றல்லவா தடுத்தார்கள்! அவர் 2015-இல் காலமானார். தோட்டம் இருக்கிறது.

பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்க ஆசைப்பட்டால் கண்ணாடியும் பீங்கானும் வேண்டாம், கையைக் கிழித்துவிடும். எங்கள் திருச்சுழிப் பக்கம் பனங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. சூப்பிப் போட்டதைக் கழுவிக் காயவைத்தால் நார் சிலிர்த்து சிங்கப் பிடரி மாதிரியே நிற்கும். களிமண்ணில் உடம்பு பிடித்து, நாலு வேப்பங்குச்சியைக் காலாகச் செருகி, நிழலில் இரண்டு நாள் உலர விடுங்கள். வெயிலில் வைத்தால் வெடித்துப்போகும்.