வாடகைச் சட்டமும் பலசரக்குக் கடையும்: ஜார்ஜ்டவுன் கடைத்தெரு குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுனில் உள்ள ‘மார்க்கெட் ஸ்திரீட்’ தமிழர் நாவில் ‘கடைத்தெரு’ என்றே வழங்கி வருகிறது. இத்தெருவையும் இதனை அடுத்துள்ள தெருக்களையும் சார்ந்து வளர்ந்த பழைய பலசரக்குக் கடைகள் அருகி வருகின்றன. அத்தகைய கடையொன்று மூடப்படும்போது, காலத்திற்கேற்ப மாறத் தெரியாத வணிகர் தோற்றுவிட்டார் என்று கூறி அமைவது பொது வழக்கு. இவ்விளக்கம் முழுமையானதன்று எனக் கருதுகிறோம். குறைந்த வாடகையை அடித்தளமாகக் கொண்ட ஒரு வணிக முறை, அவ்வடித்தளம் நீக்கப்பட்டபோது எவ்வாறு சரிந்தது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

வாடகைக் கட்டுப்பாடு

1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 பிப்ரவரிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்குப் பொருந்தியது. ஜார்ஜ்டவுன் நகர் மையத்துக் கடைவீடுகளுள் பெரும்பகுதி இவ்வரையறைக்குள் அடங்கியது. வாடகையை விருப்பம்போல் உயர்த்தவோ வாடகைதாரரை எளிதில் வெளியேற்றவோ உரிமையாளரால் இயலவில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. வருவாய் குறைந்த உரிமையாளர் பலர் பழுதுபார்ப்பதைக் கைவிட்டமையால் கட்டடங்கள் சிதைந்தன. எனவே அக்காலத்தைப் பொற்காலமாகக் காட்டுவது நம் நோக்கமன்று. 1997ஆம் ஆண்டு நீக்கச் சட்டம் இயற்றப்பட்டது. இடைக்காலம் 1999 டிசம்பர் 31ஆம் நாள் முடிவுற, 2000ஆம் ஆண்டு முதல் சந்தை வாடகை நடைமுறைக்கு வந்தது.

கடையின் இயக்கம்

வாடகை உயர்வு ஏன் பலசரக்குக் கடையைப் பிற கடைகளினும் கடுமையாகத் தாக்கியது என்பதை அறிய, அதன் இயக்கத்தை நோக்குதல் வேண்டும். சீனி, கோதுமை மாவு போன்ற அன்றாடப் பொருள்கள் அரசின் விலைக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அவற்றில் கிடைக்கும் இலாபம் சிறிது. வாடிக்கையாளரோ சம்பள நாள் வரை கடனுக்கு வாங்குபவர். ‘555’ எனப் பெயர் பொறித்த சிறு குறிப்பேட்டில் பற்று எழுதப்படும். மாத முடிவில் கணக்குத் தீர்க்கப்படும். வட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை. முகமறிந்த நம்பிக்கையே பிணை. சுக்கு, திப்பிலி, அதிமதுரம், சாம்பிராணி என மெதுவாக விற்கும் பொருள்களும் ஆண்டு முழுதும் இருப்பில் இருக்கும்.

முதலீட்டை இவ்வாறு கடனிலும் இருப்பிலும் முடக்கி வைக்க வணிகருக்கு இயன்றது வாடகை குறைவாக இருந்தமையால்தான். வாடகை பன்மடங்கு உயரும்போது முதலில் நிறுத்தப்படுவது கடன். அடுத்து, மெதுவாக விற்கும் பொருள்கள். இவ்விரண்டும் நீங்கிய பின் அக்கடைக்கும் பேரங்காடிக்கும் உள்ள வேறுபாடு விலை ஒன்றே. அதில் சிறுவணிகர் வெல்வது அரிது.

மேலும், கடைக்கு வந்தோரும் அயல் கடைவீடுகளின் மாடிகளில் குடியிருந்த வாடகைதாரரே. அவர்கள் புறநகரங்களுக்குப் பெயர்ந்தபோது, வாடகை உயர்ந்த அதே காலத்தில் வாடிக்கையும் குறைந்தது. வெறுமையான கடைவீடுகள் சிலவற்றில் கூடுகளுக்காக உழவாரக் குருவிகள் வளர்க்கப்பட்டமை அந்நாளைய நிலையை உணர்த்தும்.

மரபுடைமைத் தகுதி

2008 ஜூலை 7ஆம் நாள் ஜார்ஜ்டவுன், மலாக்காவுடன் இணைந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. 109.38 ஹெக்டர் மையப் பகுதியாகவும் 150.04 ஹெக்டர் அரண் பகுதியாகவும் வரையறுக்கப்பட்டன. கட்டடங்களின் முகப்பு, கூரை, அஞ்சடி ஆகியவற்றைக் காக்க இத்தகுதி பெரிதும் துணைசெய்தது. ஆயினும், சுவரைக் காக்கும் விதி சுவருக்குள் நடக்கும் வணிகத்தைக் காப்பதில்லை. செப்பனிடப்பட்ட கடைவீடுகள் பல தங்குவிடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. கட்டடத்தைத் தமக்கே உடைமையாகக் கொண்ட வணிகர் இந்நெருக்கடியைத் தாங்க முடிந்தது. திறமையைக் காட்டிலும் உடைமையே நிலைபேற்றைத் தீர்மானித்தது எனலாம்.

சொல்லிழப்பு

தமிழாசிரியர் கருதத்தக்க இழப்பு ஒன்றுண்டு. நாளின் முதல் விற்பனை ‘போணி’. அளந்தபின் மேலாக இடுவது ‘கொசுறு’. தாளில் மடித்துக் கட்டுவது ‘பொட்டலம்’. வாங்கவேண்டியவற்றின் பட்டியல் ‘சிட்டை’. மலாய் வழக்கினின்று வந்த ‘காத்தி’ ஏறத்தாழ 600 கிராம் எடையைக் குறித்தது. இச்சொற்கள் அகராதியில் உள்ளன. ஆனால், அவற்றைச் சொல்ல வேண்டிய சூழல் மறைகின்றது. விலைச்சீட்டு ஒட்டிய பொருளை எடுத்துச் சென்று வாய்திறவாமல் பணம் செலுத்தும் அங்காடியில் கொசுறு கேட்க ஆளில்லை. தமிழ் வீட்டிற்கு வெளியே இயல்பாகப் புழங்கிய களங்களுள் கடையும் ஒன்று. அது சுருங்கினால், மாணவருக்குத் தமிழ் வகுப்பறை மொழியாக மட்டும் எஞ்சும்.

முடிவுரை

வாடகைக் கட்டுப்பாடு மீண்டும் வருதல் அரிது. நாம் செய்யக்கூடியது வேறு. பழைய 555 குறிப்பேடுகளும் பேரேடுகளும் கடை மூடும் நாளில் குப்பைக்குச் செல்கின்றன. எக்குடும்பம் எதை உண்டது, எம்மாதத்தில் கடன் பெருகியது என்பதை அவற்றினும் தெளிவாகக் கூறும் சான்று வேறில்லை. வணிகரின் இசைவுடன், கடன்பட்டோர் பெயரை மறைத்து, அவற்றைப் படியெடுத்துப் பாதுகாத்தல் வேண்டும். மாணவரைக் கடைக்கு அனுப்பிச் சொற்களைப் பதிவுசெய்யச் செய்வது ஆசிரியர் எளிதில் மேற்கொள்ளத்தக்க பணியாகும். முதிய வணிகர் கல்லாவில் அமர்ந்திருக்கும்போதே இதனைத் தொடங்குதல் நலம்.