பழைய பைக் வாங்குகிறீர்களா? எஞ்சினுக்கு முன்பு ஆர்.சி.யைப் பாருங்கள்!

கறவை மாடு வாங்கும் விவசாயி பல்லைப் பிடித்துப் பார்ப்பார். மடியைத் தடவிப் பார்ப்பார். இரண்டு வேளை கறந்து பார்த்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுப்பார். அதே விவசாயி பழைய பைக் வாங்கும்போது, தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார். பால் கேன், தீவனக் கட்டு, உர மூட்டை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை என்று குடும்பமே நம்பியிருக்கும் வண்டி அது. அதை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இங்கே.

முதலில் ஆவணம்

ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் சேஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருக்கும் எண்களோடு ஒத்துப்போக வேண்டும். எண்ணை ராவியோ, மாற்றி அடித்தோ இருந்தால் அந்த வண்டியே வேண்டாம்.

இரு சக்கர வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. காலாவதியான வண்டி என்றால் இந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருந்தால், 'கடன் முடிந்துவிட்டது' என்ற வாய்ச்சொல் போதாது. அந்த நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35-ம், தடையில்லாச் சான்றும் வேண்டும். அபராத பாக்கி இருக்கிறதா என்பதையும் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள்

காலையில், வண்டியை யாரும் எடுப்பதற்கு முன்பே போவது நல்லது. ஏற்கெனவே சூடேறிய எஞ்சின், கிளப்புவதில் உள்ள கோளாறை மறைத்துவிடும். கிளப்பிச் சூடேறிய பிறகும் சைலன்ஸரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது; பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வேலை காத்திருக்கிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மினுமினுப்பாக உலோகத் துகள் தெரிந்தால் உள்ளே தேய்மானம்.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். கால் வைக்கும் ரப்பர், பிரேக் பெடல், கைப்பிடி ஆகியவற்றின் தேய்மானம் உண்மையைச் சொல்லும்.

சுமை தாங்கும் இடங்கள்

பால் கேனும் மூட்டையும் ஏற்றிய வண்டியில் பின்பக்க ஃபிரேம், கேரியர் பொருத்திய இடம், ஷாக் அப்சார்பர் ஆகிய இடங்களில் விரிசலும் புது வெல்டிங்கும் இருக்கிறதா பாருங்கள். உரம் சிந்திய இடத்தில் ஈரம் சேர்ந்து இரும்பு அரித்திருக்கும். சீட்டைக் கழற்றி அடியில் பார்ப்பது அவசியம்.

பின்னால் நின்று பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் தெரிய வேண்டும். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரைத் திருப்பும்போது நடுவில் சிக்கினால் கோன் செட் போயிருக்கிறது. ஸ்பிராக்கெட் பல் கொக்கிபோல் வளைந்திருந்தால் செயினோடு சேர்த்தே மாற்ற வேண்டும். டயரில் 3219 என்று இருந்தால், அது 2019-ம் ஆண்டு 32-வது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாவிட்டாலும், பழைய டயரில் வெடிப்பு விட்டிருக்கும்.

பெட்ரோல் டேங்க்கில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தீக்குச்சி, லைட்டர் கூடவே கூடாது.

பெயர் மாற்றினால்தான் வண்டி உங்களுடையது

படிவம் 29, 30-ல் விற்பவரின் கையெழுத்தை வாங்கிய பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28-ம் தேவை. விற்றவர் 14 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸையும் 14 நாள்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

'தெரிந்தவர்தானே, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்று விடுவதுதான் ஆபத்து. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே சட்டப்படி உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. விபத்து நடந்தால், வண்டியை எப்போதோ விற்றவர் வீட்டுக்கு நோட்டீஸ் வரும். ஆகவே, தன் பழைய பைக்கை விற்கும் விவசாயிக்கும் இது பொருந்தும்.

பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், டயர், செயின் செட் என்று உடனே ஆகும் செலவை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தொகையைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள். பழக்கமான மெக்கானிக் ஒருவரைக் கூட அழைத்துப் போய், அவருக்கு ஒருநாள் கூலி கொடுத்தாலும் நஷ்டமில்லை.